சீல் மாஸ்டரின் நீலக் கொப்பி

வரி கட்டச் சொல்கிறார்களே என்று வயிறெரிகிறவர்களை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். வரி கட்டுகிறேன் என்று போய் நின்றால் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களே என்று வயிறெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் சீல் மாஸ்டர். லண்டனில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். 'கற்றுக்கொடுத்தவர்' என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவள். ரயில் எட்டிப் பார்க்காத ஓர் இடத்துக்கு ஆபீசை மாற்றப் போகிறோம், சீக்கிரம் லைசென்ஸ் எடு என்று சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒரு போன் நம்பரைக் கொடுத்து, "நல்லாப் பழக்குவார். ஆனா ஆள் கொஞ்சம் சூடு" என்றார். கொஞ்சமாம்!

முதல் நாள். வாசலில் கார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தை நெரிக்கிற டை. சாவியைக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் டாஷ்போர்டைத் திறந்து தடித்த நீல நோட்டு ஒன்றை எடுத்தார். அவர் பாஷையில் கொப்பி.

"பேர்? விலாசம்?"

"இந்த வீடுதான் மாஸ்டர். வாசல்லதானே நிக்கிறோம்."

"எத்தினையாம் திகதி இஞ்ச வந்தனீங்கள்? அதுக்கு முதல் எங்க இருந்தனீங்கள்? அங்கயிருந்து வெளிக்கிட்டதை ஆருக்கு அறிவிச்சனீங்கள்?"

"யாருக்கும் சொல்லலையே."

"ஒருத்தருக்கும்!" ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி. ஹார்ன் அலறியது. "ஒரு மனிசர் வீடு மாறுறது, அரசாங்கத்துக்குத் தெரியாது! என்ன கண்டறியாத நாடு இது!"

எல்லாவற்றையும் எழுதிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் சீலை எடுத்து என் பெயருக்கு நேரே 'டொக்' என்று குத்தினார். 'பதியப்பட்டது'. சொந்தச் செலவில் செய்துகொண்ட சீல். பட்டப்பெயர் வந்த வழியும் அதுதான். ஒரு மணி நேரப் பாடத்தில் முக்கால் மணி போயிருந்தது. அன்றைக்கு நான் ஓட்டியது தெருமுனை வரைக்கும்.

அவர் இருபது வருஷம் ஜெர்மனியில் இருந்தவர். அங்கே வீடு மாறினால் நகரசபைக்குப் போய்ப் பெயரை வெட்ட வேண்டும், புது ஊர் நகரசபையில் போய் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில், முந்தின ஆகஸ்டில் லண்டன் வந்து பெட்டியை இறக்கியதும் கவுன்சிலுக்கு ஓடியிருக்கிறார். நாங்கள் பெயரெல்லாம் எழுதுவதில்லை என்றார்களாம். போலீசுக்குப் போனால், என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டார்களாம். நூலகத்திலும் வங்கியிலும் இவரிடமே விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் கேக்கிறாங்கள், ஒருத்தரும் தாறேல்லை! காஸ் பில்லைக் காட்டட்டாம். காஸ் கொம்பனியோ பிள்ளை அரசாங்கம்?"

சுயதொழில் என்று வரி அலுவலகத்துக்கு எழுதப் போனால், போனில் சொன்னால் போதும் என்றிருக்கிறார்கள். "போனிலயாம்! என்ர முகத்தைப் பாராமல்!" அதைவிடப் பெரிய கோபம், இங்கே வரி வருஷம் ஏப்ரல் ஆறாம் தேதி பிறக்கிறதே என்று.

"நம்ம வருஷப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்னாடிதானே மாஸ்டர், விடுங்க" என்றேன்.

"பகிடியோ? ரோட்டைப் பாருங்கோ!"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மனி வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்டில் எங்கள் நாட்டை விட்டுப் போனாய், சரி, மீதி மாதங்கள் எங்கே வசித்தாய்? அந்த நாட்டு வரி அலுவலகத்திடம் கீழே உள்ள கட்டத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்தும் சீலும் வாங்கி ஆறு வாரத்துக்குள் அனுப்பு. இல்லையென்றால் முழு வருஷமும் இங்கேயே இருந்ததாக வைத்து வரி போடுவோம்.

"காசு போனாப் போகட்டும்" என்றார் மாஸ்டர். "அங்க என்ர பேரை வெட்டிப்போட்டாங்கள். இஞ்ச எழுதேல்லை. அப்ப நான் எங்க பிள்ளை இருக்கிறன்?"

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. அதன்பிறகு என் பாடம் எல்லாம் ஒரே பாதை. வீட்டிலிருந்து நேரே, பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபக்கம், வரி அலுவலகம். ரிவர்ஸ் பார்க்கிங் கற்றது அதன் வாசலில். மேட்டில் வண்டி எடுக்கக் கற்றது அதன் சரிவில். ரவுண்டானா என்று ஒன்று இருப்பதைப் புத்தகத்தில்தான் படித்தேன். காசும் என்னுடையது, பேச்சுத் துணையும் நான். கோபம் வந்தால் மாஸ்டரின் இங்கிலீஷ் ஜெர்மனாக மாறிவிடும் என்பதால் கவுன்ட்டருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நல்லவள்தான். கடிதம் வேண்டுமானால் தருகிறோம், எங்களிடம் சீல் கிடையாது என்று மூன்று தடவை சிரித்த முகமாகவே சொன்னாள்.

"சீல் இல்லாமல் ஒரு கந்தோரோ! பெட்டிக்கடையிலயும் இருக்குமே!" என்று மாஸ்டர் என்னிடம் கத்தினார். கந்தோர் என்றால் அவர் பாஷையில் ஆபீஸ்.

மூன்றாம் தடவை திரும்பி வருகையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க பையிலதான் ஒரு சீல் இருக்கே மாஸ்டர், அதையே குத்தி அனுப்புங்க. ஜெர்மன்காரனுக்குத் தமிழா தெரியப்போகுது?"

அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தார் பாருங்கள், என் நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்காதது மீனாட்சி புண்ணியம். கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"நான் அகதியா இருந்த காலத்தில அங்க மாவட்டம் தாண்ட ஏலாது பிள்ளை. தாண்ட வேணுமெண்டா அனுமதிப் பேப்பர் வேணும். என்ர தம்பி வேற மாநிலத்தில ஆஸ்பத்திரியில கிடந்தவன். ரயிலில ரெண்டு மணித்தியாலம். பேப்பர் எடுத்துக்கொண்டுதான் போனனான். கையெழுத்து இருந்தது, சீல் குத்த மறந்துபோனாங்கள். ஸ்டேஷனில பொலிஸ் மறிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டான். அது வெள்ளிக்கிழமை. திங்கள் போய் சீல் குத்திக்கொண்டு வர, தம்பி இல்லை."

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சீல் இல்லாத பேப்பர் பேப்பர் இல்லை. எடுங்கோ வண்டியை" என்றார்.

அடுத்த வாரம் எனக்கு டிரைவிங் டெஸ்ட். மாஸ்டரின் ஆறு வாரத்துக்கும் அதுதான் கடைசி நாள். டெஸ்ட் எடுக்க வந்தவர் நேரே போகச் சொன்னார். டெஸ்ட் சென்டரும் அதே ரோட்டில்தான். நேரேதான் போனேன். பெட்ரோல் பங்க் வந்ததும் என் கை தானாக இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டது. வரி அலுவலக வாசலில், பக்கத்து வண்டிக்குச் சரியாக ஒரு முழம் விட்டு, அழகாக ரிவர்சில் நிறுத்தினேன். "எதற்கு இங்கே வந்தோம்?" என்று கேட்டார் அவர். ஃபெயில்.

திரும்பி வந்து மாஸ்டரைப் பிடித்துக் கிழித்துத் தொங்கவிட்டேன். "உங்க சீலால என் லைசென்ஸ் போச்சு! வேலையும் போகப் போகுது!"

"நேர போகச் சொன்னா நேர போகவேணும்! உங்களுக்கென்ன விசரோ?"

"ஏறுங்க வண்டியில!" என்றேன். ஏறினார்.

எங்கே போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கவுன்ட்டரில் போய் நின்று வாயைத் திறந்தேன். இங்கிலீஷில்தான் ஆரம்பித்தேன், பாதியில் மதுரைக்குப் போய்விட்டேன். தம்பி, ரயில், வெள்ளிக்கிழமை, என் லைசென்ஸ், எல்லாம் ஒரே மூச்சில். வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். உள்ளேயிருந்து கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான அதிகாரி வந்தார். படிவத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். போன் போதும் என்ற பிறகும் மாஸ்டர் எழுதிப் போட்டிருந்த கடிதங்களை அந்த அம்மாளைத் தேடி எடுத்துவரச் சொன்னார். கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, சற்று இருங்கள் என்று கீழே போய், வருகிற தபாலுக்கெல்லாம் குத்துகிற சீலை எடுத்து வந்தார். அலுவலகப் பெயரும் தேதியும் போட்ட வட்டச் சீல்.

டொக்.

மாஸ்டர் கவுன்ட்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நன்றிகூடச் சொல்லவில்லை. காரில் அந்தத் தாளை மடியில் வைத்து, சீல் மை காய ஊதிக்கொண்டே வந்தார். பிறகு, "நாலாம் கியருக்கு மாத்துங்கோ பிள்ளை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த ஆத்திரத்திலும்.

அன்றைக்கே தபாலில் போட்டார், ஜெர்மனி அதை ஏற்றுக்கொண்டது. மாஸ்டர் அடுத்த ஆறு பாடங்களுக்குக் காசு வாங்கவில்லை, திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ரவுண்டானாக்களைக் கண்ணால் பார்த்தேன், பாஸ் பண்ணினேன்.

நான்கு வருஷம் கழித்து ஊருக்கே திரும்பும்போது, வங்கிக்கும் காஸ் கம்பெனிக்கும் முன்னால் அவருக்குத்தான் போன் செய்தேன்.

"மாஸ்டர், நான் மதுரைக்கே போறேன். கொப்பியில என் பேரை வெட்டிடுங்க."

கொப்பியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"போனில வெட்ட ஏலாது. நேரில வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"நாளைக்குக் காலையில ஃபிளைட் மாஸ்டர்!"

"அதுக்கு நான் என்ன செய்யிறது? சட்டம் சட்டம்தான்." வைத்துவிட்டார்.

அநியாயக்காரர்! விமானத்தில் ஏறுகிறவரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த நீலக் கொப்பிப்படி நான் இன்னும் கோலியர்ஸ் வுட்டில்தான் குடியிருக்கிறேன். கையெழுத்துப் போட நானும் போகவில்லை.