மதிலுக்கு அந்தப் பக்கத்து மண்

தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தபோது மந்தைவெளி வீட்டின் பின்பக்க மதில் இரண்டு அங்குலம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. குருபிரசாத் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார்; அதே இரண்டு அங்குலம். அந்த மதிலோரம்தான் அவர் மனைவி சாருலதா இருபது குழந்தைகளை உட்காரவைத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்கள் பாட வேண்டும்.

காரணம் அவருக்கு உடனே புரிந்தது. ஏரிக்கரை, நெடுஞ்சாலை மேடு என்று எங்கே மண் சரியாமல் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் கணக்குப் போட்டுத் தருவதுதான் தேனாம்பேட்டை ஆபீசில் அவர் வேலை. மதிலுக்கு அந்தப் பக்கம் ரோஸி வீட்டுத் தோட்டத்தில் தொடை உயரத்துக்கு மண். அதுதான் தள்ளுகிறது.

"ரோஸிகிட்ட சொல்லி மண்ணை எடுக்கச் சொல்லுங்கோ" என்றாள் சாருலதா.

"கிறிஸ்துமஸ் தவறாம கேக் அனுப்பறவா. எப்படிக் கேக்கறது? நானே சரி பண்ணிடறேன்."

ஈரமண்தான் அதிகம் தள்ளும். தண்ணீரை வெளியே விட்டால் போதும் என்று மதிலின் அடியில் ஆறு ஓட்டை போட்டார். ரோஸி செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் அத்தனையும் சேறாக இவர் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. குழந்தைகளை ஹாலுக்குள் மாற்ற வேண்டியதாயிற்று.

சேற்றை வடிக்க மதிலடியை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டினார். சாயங்காலத்துக்குள் மதில் இன்னும் ஓர் அங்குலம் சாய்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்ததே இந்தப் பக்கம் அவர் வெட்டியெடுத்த அடிமண்தான். ஆபீசில் ஜூனியர் யாராவது இப்படி வரைந்திருந்தால் அரைமணி நேரம் பாடம் எடுத்திருப்பார். சாருலதாவிடம் இதைச் சொல்லவில்லை.

மறுநாள், அந்தத் தெருவில் மண், மணல் ஏற்றியிறக்கும் லாசரின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நாற்பது மணல் மூட்டை வந்தது. மதிலுக்கு முட்டுக்கொடுத்து அடுக்கினார். மதில் நின்றது. ஆனால் பின்கதவு திறக்கவில்லை.

"இனிமே நீங்க எதையும் சரி பண்ண வேண்டாம்" என்றாள் சாருலதா, சுருதிப்பெட்டியை நிறுத்தாமலே. "போய்க் கேளுங்கோ."

ரோஸி சம்மதித்தால் உடனே ஆரம்பித்துவிடலாம் என்று லாசரையும் அழைத்துக்கொண்டு போனார். தோட்டத்தில் நின்று படம் போட்டு விளக்கினார். நாலரை அங்குல மதில் மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல; கொட்டியவன் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா என்று மிருதுவாகவே கேட்டார்.

ரோஸி தர்மசங்கடமாகச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாசர்தான் தலையைச் சொறிந்தான்.

"கொட்டுனது நான்தான் சார். போன வருசம் உங்க வூட்ல தண்ணி சம்புக்குத் தோண்டுன மண்ணு இது. எங்க கொட்றதுன்னு கேட்டேன், நீங்க யாருக்கோ கரை சரியாம கட்றது எப்டின்னு போன்ல சொல்லிக்கினே கைய இந்தாண்ட காட்டுனீங்க. இந்தம்மா உங்கள கேக்கக் கூச்சப்பட்டுக்கினு செடி வச்சிடுச்சு."