முகப்புப் பக்கத்தில் ஒரு பூட்டிய கதவு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு நெடுங்காலம் சும்மாவே இருந்தது. அந்தக் குறையைப் போன வருடம் எங்கள் நிறுவனம் போக்கியது. ஓரிடத்தில் ஒருவர் எழுதிய புலம்பலை வேறு பல இடங்களில் அழகாகக் காட்டுவது எப்படி என்பதை நாங்கள் கண்டுபிடித்தோம். இதற்கென்று அமைக்கப்பட்ட 'காட்சிப்படுத்தல் குழு'வின் செயலாளர் நான்தான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் வாஷிங் மிஷின் செய்கிறவர்கள். எங்கள் இணையதளத்தின் அடியில், பொடி எழுத்தில், 'கருத்துக்களம்' என்று ஓர் இணைப்பு இருக்கும். மிஷின் வாங்கியவர்கள் அங்கே போய்த் தங்கள் குறைகளை எழுதுவார்கள். மிஷின் வாங்கிய மற்றவர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள். நிறுவனத்தைச் சேர்ந்த எவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மக்களின் கருத்துச் சுதந்திரத்தில் மூக்கை நுழைப்பது எங்கள் பண்பாடு அல்ல.

ஒருநாள் எம்.டி. எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

"நம்ம வெப்சைட்டுல உயிரே இல்ல. மூலையில அவ்வளவு பேரு பேசிக்கிட்டு இருக்காங்க, முகப்புல பார்த்தா ஈ காக்கா இல்ல. அந்தப் பேச்ச எடுத்து எல்லாப் பக்கத்துலயும் காட்டுங்க."

"சார், அங்க பேசறது பூரா புகாரு" என்றார் சர்வீஸ் பிரிவுத் தலைவர். எதற்கெடுத்தாலும் வாய்க்குள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பதால் அவருக்கு 'முணுமுணுப்பு' என்று பெயர்.

"புகாரா இருந்தா என்னய்யா? நம்மகிட்ட உரிமையோட பேசறாங்கன்னுதானே அர்த்தம்."

இந்த விளக்கத்தில் நாங்கள் எல்லோரும் உருகிப்போனோம். புரோகிராமர் அம்மாள் உடனே வழி சொன்னார். கருத்துக்களத்தில் இருப்பதைத் தானாக எடுத்துக் காட்டும் ஒரு பெட்டி. எந்தப் பக்கத்தில் வேண்டுமோ அங்கே ஒரு வரியை ஒட்டினால் போதும், பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எளிதான ஒன்றை எங்கள் குழு அப்படியே விட்டுவிடுமா? பெட்டியின் மூலைகள் கூராக இருக்கலாமா, வளைந்திருக்கலாமா என்று கூட்டம் மேல் கூட்டமாக ஆராய்ந்தோம். கூர்மை வாடிக்கையாளரைப் புண்படுத்தும் என்பதால் வளைவு நிறைவேறியது.

முடிந்துபோன பேச்சு பெட்டியில் வரக் கூடாது என்றும் முடிவானது. பழைய பேப்பர் மாதிரி இருக்குமாம். ஆகவே, எழுதியவர் தன் பதிவின் மேல் 'தீர்ந்தது' என்று குறித்தால், அது பெட்டியிலிருந்து தானாக மறைந்துவிடும்.

பெட்டி தயார். அதற்குள் போட்டுப் பார்க்க ஒரு பதிவு வேண்டுமே? புரோகிராமர் அம்மாள் தேடினார். மக்கள் அநியாயத்துக்கு நீட்டி முழக்கியிருந்தார்கள். சிலர் எங்கள் பரம்பரையையே இழுத்திருந்தார்கள். கடைசியில் ஒன்று அகப்பட்டது.

"மிஷின் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. நான் நர்ஸ். என் யூனிஃபார்ம் எல்லாம் உள்ளே இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள், ப்ளீஸ்."

அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பெட்டியில் பொருந்தியது. எம்.டி. தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார்.

"அந்த 'ப்ளீஸ்' இருக்கு பாருங்க. என்ன ஒரு மரியாதை."

முணுமுணுப்பு இங்கேயும் குறுக்கே வந்தார். "சார், இது பெரிய வேலை இல்ல. ஒரு ஆள அனுப்பித் தொறந்து விட்டுடறேன்."

"தொறந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அந்தம்மா துணிய எடுத்துக்கும்."

"பெட்டி என்ன ஆகும்னு கேக்கறேன்."

"தீர்ந்ததுன்னு போட்டுட்டாங்கன்னா காலியாயிடும் சார்" என்றார் புரோகிராமர் அம்மாள். "அவசரத்துல இந்தப் பதிவோட நம்பரையே எல்லாப் பக்கத்துலயும் ஒட்டிட்டேன். வேற பதிவு தானா வராது."

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து நான் அங்கேயே ஓர் உத்தரவு எழுதினேன்: 'வெளியீட்டு விழா முடியும்வரை மேற்படி கதவைத் திறக்கவோ, மேற்படி பதிவுக்குப் பதில் எழுதவோ ஊழியர் எவரும் முற்படலாகாது.' முணுமுணுப்பும் கையெழுத்துப் போட்டார். போடும்போது என்ன சொன்னார் என்பது சரியாகக் காதில் விழவில்லை.

விழா பிரமாதம். நர்ஸின் பதிவு முகப்பில் வந்தது, வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்தது, 'இப்போதே வாங்குங்கள்' பொத்தானை ஒட்டியும் வந்தது. வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய டி.வி.யிலும் ஓடியது. வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எம்.டி.க்கு மனசு நிறைந்துபோய், டீலர்கள் மாநாடு வரை உத்தரவை நீட்டித்தார்.

இதற்கிடையில் அந்த நர்ஸ், கருத்துக்களத்தின் மூலையில், தன் பதிவுக்குக் கீழே தானே எழுதிக்கொண்டிருந்தார். தன்னைவிட உயரமான ஓர் அக்காவின் யூனிஃபார்மை வாங்கி, கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறாராம். திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான யூனிஃபார்மில் வராவிட்டால் டூட்டிக்கே வர வேண்டாம் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாராம். உள்ளே இருக்கும் துணி நாற ஆரம்பித்துவிட்டதாம். இதெல்லாம் பெட்டியில் தெரியாது. பெட்டியில் முதல் பதிவு மட்டும்தான் தெரியும். அதுதான் அதன் அழகு.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த நர்ஸுக்கு இன்னுமா கதவு தொறக்கல?"

"அது சும்மா மாதிரிக்கு வெச்ச பதிவும்மா."

"மாதிரின்னா? துணி நெஜமா உள்ளதானே இருக்கு?"

அவள் கணக்கு டீச்சர். தொழில்நுட்பத்தின் நுணுக்கங்கள் அவளுக்கு எட்டாது. எனக்கு அன்று சாப்பாடு சரியாக இறங்காததற்கு வயிற்றுக் கோளாறுதான் காரணம்.

மாநாட்டுக்கு முந்தைய நாள் சதி அரங்கேறியது. எவரோ ஒரு பல் டாக்டர், எங்கள் மிஷினை வாங்கிய பாவத்துக்குக் கருத்துக்களத்தில் உலாவிக்கொண்டிருந்தவர், நர்ஸுக்குப் பதில் எழுதிவிட்டார். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைக் கதவின் இடுக்கில் விட்டு, கொக்கி இருக்கும் பக்கமாக இழுக்கச் சொன்னார். நர்ஸ் இழுத்தார். கதவு திறந்தது. 'நன்றி டாக்டர்' என்று எழுதி, மேலே 'தீர்ந்தது' என்று குறித்தார்.

மறுகணம் முகப்பிலும், வேலைவாய்ப்பிலும், வரவேற்பறைச் சுவரிலும் வெற்றுப் பெட்டிகள். வளைந்த மூலைகள் மட்டும் மிச்சம்.

எம்.டி.க்கு முகம் வெளுத்துவிட்டது. "யாருய்யா அந்த டாக்டர்? போட்டிக் கம்பெனி ஆளா?"

"இல்ல சார், நம்ம கஸ்டமர்."

"நம்ம கஸ்டமரே நமக்கு இப்படிப் பண்ணலாமா?"

எங்கள் நிறுவனத்தின் வேகத்தை இனிமேல்தான் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். நர்ஸ் மிஷின் வாங்கியபோதே கொடுத்திருந்த முகவரியை முதன்முறையாக எடுத்துப் பார்த்தோம். எம்.டி.யின் சொந்தக் கார் வாசலுக்கு வந்தது. முணுமுணுப்பும் நானும் ஏறினோம். அவர் பழக்கதோஷத்தில் கருவிப் பையையும் தூக்கிக்கொண்டார்.

மாடி வீடு. பால்கனிக் கொடியில் வெள்ளை யூனிஃபார்ம்கள் காய்ந்துகொண்டிருந்தன. நர்ஸ்தான் கதவைத் திறந்தார். டூட்டியிலிருந்து வந்தவர் உடை மாற்றாமலேயே துவைத்துப் போட்டிருப்பார் போல. மடித்த கைகளில் ஊக்கு இன்னும் இருந்தது. கம்பெனியிலிருந்து வருகிறோம் என்றதும் நகர்ந்து வழிவிட்டார்.

"வாங்க. மிஷின் அந்தப் பக்கம் இருக்கு. ஆனா கதவு தொறந்துடுச்சுங்களே."

"அது விஷயமாத்தான் வந்திருக்கோம்" என்றேன். "'தீர்ந்தது'ன்னு போட்டிருக்கீங்க இல்லையா, அத மட்டும் எடுத்துட்டீங்கன்னா நல்லாயிருக்கும்."

"ஏன், திரும்ப மாட்டிக்குமா?"

"இல்லம்மா. நாளைக்கு எங்களுக்கு மாநாடு."

அவர் என்னைப் பார்த்தார், கருவிப் பையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. உட்காரக்கூடச் சொன்னார்.

"பூட்டிக்கிட்டு நான் தவிச்சப்ப அத ஊருக்கெல்லாம் காட்டினீங்க. எங்க ஆஸ்பத்திரியில கூடப் பார்த்துட்டு வந்து கேட்டாங்க. அப்பல்லாம் ஒருத்தரும் வரல. தொறந்துடுச்சுன்னதும் கார் போட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், ரிப்பேரு மிஷின்லயா, உங்ககிட்டயா?"

முணுமுணுப்பு இந்த முறை வாய்க்குள் சொல்லாமல், நன்றாகக் கேட்கும்படி, "எங்ககிட்டதாம்மா" என்றார்.

அது அவருடைய சொந்தக் கருத்து. நிறுவனத்தின் பதிலாக அதைக் கொள்ள முடியாது. ஆனால் வாடிக்கையாளரின் கேள்வியை மதிப்பது எங்கள் கடமை. எழுந்து வெளியே வந்து, நர்ஸ் கேட்ட கேள்வியை அப்படியே போனில் புரோகிராமர் அம்மாளுக்குச் சொல்லி, புதுப் பதிவாகப் போடச் சொன்னேன். மாநாடு தொடங்குவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களிலும் பெட்டி மறுபடி நிறைந்துவிட்டது:

'ரிப்பேரு மிஷின்லயா, உங்ககிட்டயா?'

இன்றுவரை அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கும் பதில் எழுதக் கூடாது என்ற புது உத்தரவில் எம்.டி. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.