வெயிலுக்குத் திறப்பு விழா

அரசுப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர் டத்தோ வந்து ரிப்பன் வெட்டாமல் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எதையும் பயன்படுத்த மாட்டோம். பொதுக் கழிப்பறைகூட மாதக்கணக்கில் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம்.

மலேசியாவின் சுங்கைப் பட்டாணி ஊரில் எங்கள் பக்கம் தோசை மாவு என்றால் பிரேமாவதி அக்காதான். மின்கட்டணத்துக்குப் பயந்து ஐஸ்பெட்டியை அணைத்து அணைத்து வைத்ததில் மாவு மத்தியானத்துக்குள் புளித்தது. வாடிக்கை கழன்றுகொண்டே வந்தது. தொழிலைக் காப்பாற்றக் கூரைமேல் சோலார் தகடுகள் போட்டார். தகட்டில் வெயில் விழுந்தால் கரண்டு பிறக்கும். சுவரில் இருக்கும் பெட்டி அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். அவ்வளவுதான் விஷயம். இதில் திறப்பு விழா என்ற சொல்லே வரவில்லை என்பதைக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பரஞ்சோதி கவனித்துவிட்டார். மறுநாளே தகடுகளை நீலக் கான்வாஸ் போட்டு மூடினார்.

"அண்ணே, மூடிட்டா கரண்டு எப்படி வரும்?"

"வரக்கூடாது லா! தாமானோட முதல் சோலார். டத்தோ திறக்கிறதுக்கு முந்தியே கரண்டு வந்துட்டா அவருக்கு என்ன மரியாதை?"

"மாவு புளிக்குதுண்ணே!"

"டத்தோ டைரியில இடம் கிடைக்கணும்ல? கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

விழாவுக்கு முன் தகுதி பார்க்க அதிகாரி திவாகரன் வந்தார். மீட்டரில் பூஜ்யம்.

"வேலை செய்யாததை டத்தோ எப்படிம்மா திறப்பாரு?"

"கான்வாஸை எடுங்க சார், வேலை செய்யும்."

"எடுத்தா அதுவே திறப்பு ஆயிடுமே!"

'மேற்படி சூரியன் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை. விளக்கம் கோரப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். சூரியன் பதில் போடவில்லை. மௌனம் சம்மதமாக ஏற்கப்பட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

டத்தோவுக்கு வெயில் ஆகாது. ஆகவே பொழுது சாய்ந்து, இருட்டிய பிறகு வந்தார். மேளம் முழங்கக் கான்வாஸை இழுத்தார். அக்கா சுவிட்சைத் தட்டினார். தெருக் கம்பத்திலிருந்து வரும் வழக்கமான கரண்டில் வழக்கம்போல விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, வெயில் இல்லாமலே எரியுது!" என்று பரஞ்சோதி கண் கலங்கினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

டத்தோ போகும்போது அக்கறையோடு சொன்னார்: "விலை உயர்ந்த பொருள். வெயில்ல போட்டுக் கெடுத்துடாதீங்க. மூடியே வைங்க."

இப்போது தாமான் முழுக்கச் சோலார், தாமான் முழுக்கக் கான்வாஸ். திரைச்சீலைக்குப் பொருத்தமான நிறத்தில் போடுவதுதான் நாகரிகம். பிரேமாவதி அக்கா மாவை விட்டுவிட்டுக் கான்வாஸ் தைத்து விற்கிறார். அது புளிக்காதாம்.

நானும் பூப்போட்டதாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். தகடு இன்னும் வாங்கவில்லை.