முப்பது மைலில் நடுங்கிய ஸ்டியரிங்

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காதும் கேட்காது. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். என் தங்கை வள்ளியைக் கேட்டால் இன்னும் மோசமாகச் சொல்வாள். சத்தமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று இருபத்துமூன்று வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை கீரமங்கலத்தில் ஒரு வேப்பமரத்தடியில், பத்துப் பேர் பார்க்க, செத்துப்போனது.

ஐம்பதுகளின் கடைசி அது. அன்னவாசலில் எங்கள் அப்பா ஒரு பழைய கார் வைத்திருந்தார். திருச்சியில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்த வண்டி. என்னைவிட இரண்டு வயதுதான் இளையது. (குணம் என்னுடையதைவிட நல்லது.) வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் டிரைவரும் நான், மெக்கானிக்கும் நான். ஹாரன் வேலை செய்யாது. அதுவும் நான்தான்.

வள்ளியைக் கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை உண்டாகி ஏழாம் மாசம் முடியப்போகிற சமயம். வளைகாப்புப் போட்டு அழைத்துவர வேண்டும். ஏற்கெனவே எனக்கு ஒரு கார்டு எழுதியிருந்தாள். அதில் இருந்தது ஒரே வரி. "அண்ணே, நம்ம வீட்டுல படுத்து ஒரு நாள் நல்லாத் தூங்கணும்."

ஆனால் அவள் மாமியார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவர் தன் மூத்த மருமகளை இப்படித்தான் பஸ்ஸில் தாய் வீட்டுக்கு அனுப்பினார். வழியெல்லாம் குலுங்கி, பாதி தூரத்திலேயே வலி கண்டு, பிள்ளை தங்கவில்லை. அதனால் பஸ் கூடாது, மாட்டு வண்டி கூடாது. அலுங்காமல் போகிற கார் என்றால் மட்டும் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். ஏழு தவறினால் எட்டாம் மாசம் அனுப்பமாட்டார்கள். ஒன்பதில் நாற்பது மைல் பயணம் வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. அப்புறம் பிரசவம் அங்கேயேதான்.

அலுங்காமல் போகிற கார் எங்களிடம் இருக்கிறது என்று அப்பா பெருமையாகப் பதில் எழுதிப்போட்டார்.

அம்மா சீர் சாமானோடு முந்தின நாளே போய்விட்டாள். நான் விடிந்ததும் காரை எடுத்தேன். புதுக்கோட்டைச் சாலையில் வேகம் காட்டும் முள் முப்பது மைலைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்க ஆரம்பித்தது. முதலில் குளிர்காய்ச்சல் மாதிரி, அப்புறம் சாமி வந்த மாதிரி. முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்ந்தது. கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. புளியமரங்கள் இரட்டை வரிசையாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. எதிரே வந்த ஆட்டுமந்தை பனிப்புகை மாதிரி விரிந்து, நடுவில் வழி விட்டு, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டது. உலகத்தையே கண்மாய்த் தண்ணீருக்குள் பார்ப்பது போல இருந்தது. ஒரு நிமிஷம் கோபப்படக்கூட மறந்துபோய் அந்த அழகில் மிதந்தேன். இருபத்தைந்துக்கு இறங்கியதும் எல்லாம் தெளிந்து, கோபமும் திரும்பி வந்தது.

புதுக்கோட்டையில் காதர் பாய் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "முன் வீல ரெண்டையும் கழட்டிப் பாக்கணும் தம்பி. செத்த இருங்க" என்றார்.

"பாய், நடுங்குறது ஸ்டியரிங்கு. நீங்க வீலப் பாக்கணுங்கிறீங்க."

"ஸ்டியரிங்கு அங்கிட்டுதானே தம்பி போயி முடியுது."

"தலைவலின்னு வந்தா காலப் பாக்குற வைத்தியரா நீங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினேன். (கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.) மிச்சத் தூரம் பூராவும் இருபத்தைந்திலேயே போனதால் நடுக்கம் இல்லை. காரே என் குரலுக்குப் பயந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

வளைகாப்பு நல்லபடி நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையலோடு வள்ளி வாசல்படி தாண்டி வெளியே வந்தாள். கிளம்ப நாலரை மணி வரை நல்ல நேரம். காரில் ஏறப்போனவளை அவள் மாமியார் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்கும் அவர் அத்தை முறை. ஒல்லியான உருவம். என்னை மாதிரி சத்தம் போடமாட்டார். அதனால் அவர் சொன்னது நடக்கும்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க" என்றார். விளிம்பு வரை நிறைந்த சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டுங்க தம்பி. ஒரு மைலு போய்ட்டு வருவோம். இது அலம்பாம இருந்தா எம் மருமகளும் அலுங்காமப் போவா."

நான் இருபத்தைந்தில் போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அவர், "ஏந் தம்பி, இம்புட்டுத்தான் ஓடுமா? சைக்கிளு முந்துது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மிதித்தேன். முள் முப்பதைத் தொட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தை இரண்டாகத் தெரிந்தார். சொம்பும் இரண்டு. தண்ணீர் வெள்ளிக் காசுகளாகத் துள்ளி அந்தரத்தில் நின்று மினுங்கிவிட்டு அவர் மடியிலேயே விழுந்தது.

திரும்பி வந்து இறங்கும்போது புடவையைப் பிழிந்துகொண்டே, "அனுப்ப முடியாது தம்பி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். வளைகாப்புப் போட்டுப் படி தாண்டின பெண் திரும்பி வீட்டுக்குள் போகக்கூடாது. காரிலும் ஏறக்கூடாது. வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு வள்ளியை உட்காரவைத்தார்கள். நெற்றியில் சந்தனம், மடியில் பூச்சரம், இங்கிட்டும் இல்லாமல் அங்கிட்டும் இல்லாமல் என் தங்கை நடுத்தெருவில் இருந்தாள். மணி இரண்டு.

"நாலரைக்குள்ள சரி பண்ணிருவேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். நடுங்கியது ஸ்டியரிங். ஆகவே ஸ்டியரிங்கைக் கழற்றினேன். பெரிய நட்டு ஒன்று. அது வந்ததும் மொத்த வளையமும் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாம்பாளம் ஏந்தின மாதிரி அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

"அத வச்சுக்கிட்டு நடந்தே போயிருவீகளோ?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

மூன்று மணிக்கு ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டினேன். கால் வட்டம் கோணலாக உட்கார்ந்தது. உள்ளே இருந்த திருகாணிகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். சாலையைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், காரைச் செய்த லண்டன்காரனைத் திட்டினேன். எனக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையையும் திட்டினேன். அவர் தலையாட்டினார். "மாட்டு வண்டியா இருந்தா அப்பவே போய்ச் சேந்திருக்கும்" என்றாள் அம்மா. வேப்பம்பழம் சொட்டுச் சொட்டாக பானெட்டில் விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். வள்ளி கை அசையும்போது மட்டும் வளையல் சத்தம் எங்கிருந்தோ வருகிற மாதிரி வந்தது.

கடைசியில் வேறு வழி இல்லாமல் ஜாக்கி கொடுத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கினேன். ஆத்திரத்தில் ஓர் உதை விட்டேன். அது பாட்டுக்குச் சுற்றி, மெதுவாகி, கொஞ்சம் பின்னால் உருண்டு நின்றது. மறுபடி உதைத்தேன்.

"அண்ணே" என்றாள் வள்ளி. "அந்தக் காத்தடிக்கிற மூக்கு இருக்குல்ல, அது ஏன் எப்பவும் மேலயே வந்து நிக்குது?"

"ஒனக்கு என்ன தெரியும் காரப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. ரெண்டு மணியிலேருந்து இந்தக் காரத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னொரு தரம் ஒதையேன்."

அவள் சொன்னது தப்பென்று காட்டுவதற்காகவே ஆறு தடவை உதைத்தேன். ஆறு தடவையும் மூக்கு மேலே வந்து நின்றது.

"கீழ்ப்பக்கம் என்னமோ கனமா இருக்குண்ணே."

மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தேன். சக்கரத்தின் உள்குழிவில் ஒரு பக்கம் முழுக்கக் களிமண். வைக்கோலும் நத்தை ஓடும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகியிருந்தது.

அது எப்படி வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் காரைக் கழுவ எனக்குச் சோம்பல். நாலு நாளைக்கு முன்னால் கண்மாய்க்கே ஓட்டிப்போய், வலது சக்கரம் படித்துறைக் கல்லிலும் இடது சக்கரம் சேற்றிலுமாக இறக்கி நிறுத்தினேன். காரின் நிழலில் மேகங்கள் மிதந்தன. எருமை ஒன்று பானெட்டை முகர்ந்து பார்த்தது. அப்படியே கரையில் சாய்ந்து, பளபளவென்று கார் ஓட்டிப்போய்த் தங்கச்சியை இறக்குவதாகக் கனவு கண்டுகொண்டே தூங்கிப்போனேன். எழுந்து முகம் தெரிகிற மாதிரி வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு மூன்று நாள் வெயிலில் நின்றது வண்டி.

கடப்பாரையால் குத்தி எடுத்தேன். அத்தை ஒரு கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க ஊரு மண்ணா தம்பி?"

"ஆமா அத்தை."

"நல்ல மண்ணு. நெல்லு வெளையும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை. அவரே ஒரு தேங்காய்நாரும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் கழுவச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். மறுபடி சொம்பு, மறுபடி ஒரு மைல். முப்பதில் தண்ணீர் ஒரு சொட்டு அலம்பவில்லை. நாலேகாலுக்கு வள்ளியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் கன்னத்தைத் தடவினார்.

ஆலங்குடி முந்திரிக் காடுகள் மஞ்சள் வெயிலில் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. ஸ்டியரிங் கோணலாக இருந்ததால் நேராகப் போகிற கார் வளைந்துபோகிற மாதிரியே எனக்குத் தோன்றியது. வள்ளி அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நிறுத்தியும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப மனசு வராமல் நாங்களும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

ஆடி முடிந்து பெண் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையே இப்போது மாமியார். போன மாசம் தன் மருமகளுக்கு வளைகாப்புப் போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்பினாள். புத்தம்புதுக் கார், ஷோரூமிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. எனக்கு எண்பது தாண்டியாகிவிட்டது. கையில் தேங்காய்நாரைக் கொடுத்துவிட்டார்கள். வளைகாப்புப் பெண் ஏறுவதற்கு முன்னால் வள்ளி குடும்பத்தில் எல்லா வண்டிக்கும் நான்தான் சக்கரத்தின் உள்பக்கம் கழுவ வேண்டும். அத்தை தொடங்கிவைத்த தண்டனை அது. அவர் போய்ச் சேர்ந்தும் நிற்கவில்லை.

சம்பந்தி வீட்டார் புரியாமல் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இது ரொம்பப் பழைய சம்பிரதாயம். பொறந்த வீட்டுக்குப் போற பாதையச் சுத்தம் பண்ணிக் குடுக்குறதுன்னு ஐதீகம்."

காருக்கு அடியிலிருந்து நான் வள்ளியைப் பார்த்தேன். என்னைத் தவிர உண்மை தெரிந்து உயிரோடு இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"ஆமாங்க" என்றாள் அவரிடம். "எங்க பக்கம் ரொம்ப விசேஷம்."