மறுப்புப் பதிவேட்டில் பன்னிரண்டு வரிகள்

மாவட்ட மர வயதுச் சான்று அலுவலகம் புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று அறைகளில் இயங்கி வருகிறது. ஒரு மரத்துக்கு எத்தனை வயது என்று அரசாங்கம் சொன்னால்தான் அதற்கு அத்தனை வயது. சான்று இல்லாத மரத்தை வெட்டக் கூடாது. புயலில் சாய்ந்தால் அப்புறப்படுத்தக் கூடாது. முறைப்படி பார்த்தால் அது வளர்ந்திருக்கவே கூடாது. இப்பேர்ப்பட்ட பொறுப்பு வாய்ந்த அலுவலகத்தில் இருபத்தோரு வருஷமாக உதவியாளராக இருப்பவர் ஆவூர் சந்தனராஜ். பதவி உயர்வு தன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நின்று வழிவிட்ட மனிதர்.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாராவது மனு கொடுத்தால் அதைப் படித்துவிடுவார். படித்ததோடு நிற்காமல், தோப்புக்கே போய் மரத்தை அளந்து, மூன்றாம் நாள் சான்றைக் கையில் கொடுத்துவிடுவார். மனுதாரர் சட்டைப் பைக்குள் கையை விடுவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஊரில் அவருக்கு 'வாங்காத சந்தனராஜ்' என்றே பெயர். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் இனியாவை ஆவூர் பஸ் நிறுத்தத்தில் "வாங்காதவரு மக" என்றுதான் சொல்வார்கள். அவளும் அதைப் பெரிய பட்டமாக நினைத்து நிமிர்ந்து நடப்பாள்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு வெள்ளைக் காரில், 'பணியிட நெறிமுறை மேம்பாட்டு இயக்கம்' வந்து இறங்கியது.

இயக்கத்தோடு கூடவே நேர்மைத் தணிக்கை அலுவலர் கார்த்திகா இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பேனர், ஒரு செல்ஃபி சட்டம், நாற்பது காபிக் கோப்பைகள் இறங்கின. எல்லார் நெஞ்சிலும் 'மனசாட்சியே என் மேலதிகாரி' என்ற பேட்ஜ் குத்தப்பட்டது. கண்காணிப்பாளர் சிவசாமி மட்டும் இரண்டு பேட்ஜ் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார். பிறகு அனைவரும் கண்ணை மூடி 'நேர்மை மூச்சு' விட்டார்கள். ஆசையை உள்ளே இழுத்து, பத்து எண்ணி, வெளியே விட வேண்டும். சிலர் உள்ளே இழுத்ததோடு சரி.

"மரத்தையே அளக்கறீங்க, நேர்மையை அளக்க முடியாதா?" என்று கேட்டார் கார்த்திகா. அதற்கென்று படிவம் நே-7 விநியோகிக்கப்பட்டது. அதன் பெயர் லஞ்ச மறுப்புப் பதிவேடு. கொடுக்க வந்தவர் பெயர், கொண்டுவந்த பொருள், மறுத்த நேரம், மறுத்தபோது இருந்த முகபாவம் எல்லாம் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி. மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு வரியும் நிரம்பாதவருடைய நேர்மை ஐயத்துக்கு இடமானது. அவர் நேர்மைப் புத்துணர்வுக்காக ஆவுடையார்கோவில் கிளைக்கு மாற்றப்படுவார்.

ஐம்பது நாள் கழித்துப் பார்த்தால் சிவசாமியின் கணக்கில் நாற்பத்தொரு மறுப்பு. கூடுதல் தாள் கேட்டு வாங்கி ஒட்டியிருந்தார். ஒருவர் ஒரு கிலோ முந்திரி கொண்டுவந்தால் சிவசாமி மறுத்துவிடுவார். இரண்டு கிலோ கொண்டுவந்தாலும் மறுத்துவிடுவார். மூன்று கிலோ வரும்போது பேசாமல் வாங்கிக்கொள்வார். ஒரு மனுவுக்கு இரண்டு மறுப்பு சுளையாகக் கிடைத்தது.

"மூணாவதா வாங்கினதை எங்கண்ணே எழுதுவீங்க?" என்று சந்தனராஜ் ஒருநாள் கேட்டே விட்டார்.

"அதுக்குப் படிவத்துல எடம் இல்லையேய்யா" என்றார் சிவசாமி, உண்மையான வருத்தத்தோடு. "இருந்தா எழுதமாட்டனா?"

சந்தனராஜின் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கார்த்திகா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை.

"என்ன சார், ஒருத்தர்கூடவா குடுக்க வரலை?"

"குடுக்கறதுக்குள்ள சான்று போயிருது மேடம்."

"அதான் பிரச்சினை. மக்கள் குடுக்கறதுக்கும் நீங்க மறுக்கறதுக்கும் வாய்ப்பே தரலை. இப்படி வேகமா வேலை பார்த்தா நீங்க நேர்மையானவர்னு எதை வச்சு நம்பறது?"

"நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்லைங்களே."

"வாங்கலைன்னா அது ஒரு விஷயம் நடக்கலைங்கறதுதான் சார். நடக்காததுக்கு ரெக்கார்டு கிடையாது. இன்னும் நாற்பது நாள் இருக்கு, பாருங்க."

வீட்டில் சொன்னபோது மனைவி ஏஞ்சல் கரண்டியை அப்படியே சட்டியில் போட்டாள். "ஏங்க, இருபத்தோரு வருஷம் வாங்காம இருந்ததுக்கு ஆவுடையார்கோவிலா? இங்க ஆவூர்லேர்ந்து அந்தக் கோடிக்குப் போகணும்னா விடியறதுக்கு முன்ன கெளம்பணும். பிள்ளையை டியூஷனுக்கு யாரு கொண்டுபோய் விடுறது? அவளுக்கு முக்கியமான வருஷம்ங்க." அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. சந்தனராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சான்று வாங்க மூக்காயி வந்தாள். ஆலங்குடிப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுப் பலா மரம் காற்றில் சாய்ந்து வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. வயதுச் சான்று இல்லாமல் கிளையைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாக அந்த அம்மாள் சன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போய்வந்தாள். சந்தனராஜ் மரத்தை அளந்து, முப்பத்து நாலு வயது என்று சான்றை எழுதித் தயாராக வைத்திருந்தார். எடுத்து நீட்ட வேண்டியதுதான். நீட்டப் போன கை பாதியில் நின்றது.

"ஆத்தா" என்றார். "எனக்கு ஏதாச்சும்... குடுக்கறீங்களா?"

மூக்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களுமா சார்?"

"ஐயோ, அப்படி இல்ல ஆத்தா. நீங்க குடுங்க. நான் வேணாம்னு சொல்லிருவேன்."

"வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு சார் கேக்குறீங்க?"

இந்தக் கேள்விக்குப் படிவம் நே-7-இல் விடை இல்லை. மூக்காயியே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சிவசாமியும் முதலில் வேணாம் என்றுதான் சொல்வார் என்பது மாவட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அன்றைக்கு மத்தியானமே ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றாள். சந்தனராஜ் மனப்பூர்வமாக மறுத்தார். முதல் வரி நிரம்பியது. முகபாவம் என்ற இடத்தில் 'கனிவு கலந்த கண்டிப்பு' என்று எழுதினார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சான்றை எடுத்துக் கொடுக்கப் போனார். கார்த்திகா குறுக்கே கையை நீட்டினார். "விதியைப் படிக்கலையா சார்? லஞ்சம் தர முயன்றவருடைய மனுவை மூணு நாள் நிறுத்தி வைக்கணும். பொருளைச் சரிபார்ப்புக் குழு கிட்ட ஒப்படைக்கணும்."

மூன்று நாள் கழித்து மூக்காயி வந்தாள். சரிபார்ப்புக் குழு பலாப்பழத்தை முழுமையாகச் சரிபார்த்து, அதன் கொட்டைகளை ஒரு காகிதத்தில் மடித்து உரியவரிடம் ஒப்படைத்தது. மூக்காயி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். சந்தனராஜையும் பார்த்தாள். வேணாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு ஐயந்திரிபறப் புரிந்துபோயிற்று. சேலையால் மூடிக் கொண்டுவந்திருந்த இரண்டாவது பழத்தை மேசைமேல் வைத்தாள். இது முதல் பழத்தைவிடப் பெரியது.

"வேணாம் ஆத்தா!"

"தெரியும் சார்" என்றாள் மூக்காயி.

இரண்டாம் வரி. மறுபடி மூன்று நாள். அதற்குப் பிறகு ஒரு படி கடலை. மறுபடி மூன்று நாள். கொண்டுவந்ததால் சான்று நின்றது, சான்று நின்றதால் அவள் கொண்டுவந்தாள். கத்தரிக்காய் வந்தது, முந்திரி வந்தது, நல்லெண்ணெய் வந்தது. சரிபார்ப்புக் குழுவில் இருந்த பாலாஜிக்குப் பதினைந்து நாளில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆறாவது தடவை சந்தனராஜ் எழுந்து நின்று கும்பிட்டே விட்டார்.

"ஆத்தா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒண்ணுமே கொண்டாராதீங்க. மூணு நாள் சும்மா இருந்தீங்கன்னா சான்று தானா வந்துரும்."

"இதெல்லாம் பத்தாதுன்னு வெளிப்படையாச் சொல்லுங்களேன் சார். நான் கோவிச்சுக்குவேனா?"

"இன்னும் சன்னல் வழியாத்தான் போறீங்களா?"

"பழகிருச்சு சார். முழங்கால்தான் சொல்றபடி கேக்க மாட்டேங்குது."

சான்று கை எட்டும் தூரத்தில் மேசை டிராயருக்குள் இருந்தது. அந்த முழங்காலுக்குத் தான்தான் பொறுப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நடுவில் ஆறு வரி மிச்சமிருந்தது, ஆவுடையார்கோவில் இருந்தது, இனியாவின் டியூஷன் இருந்தது. ஆறாவது மறுப்பின் முகபாவம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'மேற்படி' என்று எழுதினார்.

முப்பத்தாறாம் நாள் மூக்காயி ஒரு சேவலைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டாவது வரி நிரம்பியது. கார்த்திகா கைகுலுக்கினார். "பார்த்தீங்களா சார், முயற்சி பண்ணினா நீங்களும் நேர்மையானவர் ஆகலாம்!" செல்ஃபி சட்டத்துக்குள் சந்தனராஜையும் சிவசாமியையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிவசாமிக்கு அறுபத்து மூன்று மறுப்புக்காகத் தங்க நிறக் கோப்பை, சந்தனராஜுக்கு ஊக்கச் சான்றிதழ்.

முப்பத்தொன்பதாம் நாள் மூக்காயி ஓர் ஆட்டோடு வந்தாள். கொழுத்த வெள்ளாடு. கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்து கைகட்டி நின்றாள். சந்தனராஜ் பதறிப்போய்க் கார்த்திகாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், ஆடு மேடம்! மறுக்கணும்."

"பன்னிரண்டு வரியும் முடிஞ்சிருச்சே சார்."

"சிவசாமி அண்ணனுக்குத் தாள் ஒட்டுனீங்களே?"

"தாள் ஒட்டுறது போன மாசத்தோட நின்னுருச்சு. பதியாத மறுப்பு மறுப்பே இல்ல."

"அப்ப நான் இதை வாங்கிட்டதா ஆயிராதா?"

"வாங்கினதை எழுத இடம் இல்லை. அதனால நீங்க வாங்கவும் இல்ல. குழம்பிக்காதீங்க சார், ஆட்டைக் கொஞ்சம் அங்கிட்டுக் கட்டச் சொல்லுங்க, பேனரைத் திங்குது."

மறுப்பு பதிவாகவில்லை. ஆகவே விதிப்படி அங்கே யாரும் லஞ்சம் தர முயலவில்லை. ஆகவே மனுவை மூன்று நாள் நிறுத்தி வைக்க முகாந்திரமே இல்லை. சந்தனராஜ் டிராயரைத் திறந்து, முப்பத்தொன்பது நாளாகக் கிடந்த சான்றை எடுத்து மூக்காயியின் கையில் கொடுத்தார். ஆட்டைக் கட்டி ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

மூக்காயி சான்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆடுன்னு மொத நாளே சொல்லியிருக்கலாம்ல சார்" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றவர்கள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சேதி அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் வழக்கமாக உட்கார்ந்தபடியே தலையை ஆட்டும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரை ஓர் அதிகாரியாகப் பார்த்தார்கள். வீட்டில் இனியா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லாரும் சொல்றாங்கப்பா. ஆடா?"

கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் சந்தனராஜ் லீவு போட்டார். கொடிக்கம்பத்திலிருந்து ஆட்டை அவிழ்த்து, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆலங்குடிப் பக்கம் போனார். மூக்காயி வீட்டு வாசலில் ஆட்கள் பலா மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பாதி திறந்திருந்தது. சந்தனராஜ் ஆட்டை இறக்கி, கயிற்றை மூக்காயியின் கையில் கொடுக்கப் போனார். கண் கலங்கிவிட்டது.

"ஆத்தா, இது எனக்கு வேணாம். சத்தியமா வேணாம்."

மூக்காயியின் முகம் வாடியது. பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் இன்னொரு கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் இன்னோர் ஆடு இருந்தது.

"ஒண்ணு காணாதுன்னு நேத்தே எனக்குத் தோணுச்சு சார். கொண்டுபோங்க."

மரம் அறுத்த பழனிச்சாமி வாளை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார், குரலில் அவ்வளவு மரியாதை:

"பாத்தியாடா? மத்தவனா இருந்தா புரோக்கரை அனுப்பிக் கேப்பான். இவரு லீவு போட்டு, சொந்தக் காசுல ஆட்டோ புடிச்சு, அவரே வந்து கேக்குறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையான ஆபீசரு!"