மாமனார் பம்புசெட்டும் நான் முறித்த போல்ட்டும்

டிப்ளமோ படித்தவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அவன் மாமனார் வீட்டில் இருக்கும்போது கொடுக்கவே கூடாது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று விரல் நீட்டுவதுதான் என் உத்தியோகம். கழற்றுவது வேறு ஆள். இந்த நுணுக்கத்தைப் பெண் வீட்டாரிடம் யாரும் சொல்லவில்லை. (நானா சொல்வேன்?)

முதல் ஆடி விருந்துக்குக் கவரைப்பேட்டை பக்கத்திலிருந்த மாமனார் ஊருக்குப் போனோம். நெல் கதிர் விடும் நேரம். அன்று பார்த்து பம்பில் வாஷர் போய், தண்ணீர் ஏறவில்லை. பக்கத்துக் கிணறு பங்காளியுடையது. வரப்புத் தகராறில் அவரோடு ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது.

"ஒரு போல்ட்டு துருப்புடிச்சி இறுகிக்கினு கீது. பிட்டரு கெரசின் ஊத்தி ஊற வுடச் சொன்னாரு. காலைல வந்துடுவாரு. நீங்க சாப்புடுங்க மாப்ள" என்றார் மாமனார்.

நான் இருக்கும்போது பிட்டரா? மானப் பிரச்சினை அல்லவா! பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். ஸ்பானரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்துத் தொங்கினேன்.

'டக்.'

"கழண்டுச்சா?" என்றார் மாமனார் ஆவலாக.

தலை கழன்றிருந்தது. உடல் பம்புக்குள்ளேயே இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நான் வெறும் முட்டாள். ஆனால் எனக்குப் பாடப் புத்தகம் ஞாபகம் வந்தது. தச்சரிடம் கை டிரில் வாங்கி, முறிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, பழைய அரம் ஒன்றின் கூர்வாலை அதில் அடித்து இறக்கி, போல்ட்டும் கூடவே சுழன்று வந்துவிடும் என்று திருகினேன். அரமும் முறிந்து உள்ளே குடிபுகுந்தது.

காலையில் பிட்டர் வந்து குனிந்து பார்த்தார். "போல்ட்டு மட்டும்னா இங்கியே எட்த்துருப்பேன். உள்ள கீற அரத்துல டிரில்லு எறங்காது. பம்ப பட்டறைக்குத் தூக்கிக்கினு போணும். நாலு நாளாவும். யாரு சார் இந்த வேல பார்த்தது?"

யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராகிவிடும். மாமனார் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பங்காளி வீட்டுக்கு நடந்தார். ஒன்பது வருட வீம்பு என்னால் தலை குனிந்து போவதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பங்காளி நல்ல மனிதர். "தண்ணி வுடறேன். பயிரு இன்னா பாவம் பண்ணுச்சி? ஆனா உங்க மாப்ள என் மோட்டாரு கொட்டா பக்கம் வரக் கூடாது, ஆமா!"

பயிர் பிழைத்தது. என் பெயர்தான் பிழைக்கவில்லை. எனக்கு இன்று பேரன் இருக்கிறான். போன வாரம் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கவில்லையென்று என்னிடம் நீட்டினான். அடுப்படியிலிருந்து என் மனைவி பாய்ந்து வந்தாள்.

"தாத்தாகிட்ட குடுக்காதடா! அப்பறம் பங்காளி ஊட்ல போயி ஊறுகா கேக்கணும்!"