ஒரு சொட்டுகூடக் கசியாத உறை

பெருமதிப்பிற்குரிய ரெத்னோ சித்திக்கு,

க்ளாத்தெனிலிருந்து உங்கள் அக்கா மகள் லிந்தாங் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். தம்பி ஜத்மிகோ நலமாக இருப்பதோடு, இந்த வரியை எழுதும்போது உலர்ந்தும் இருக்கிறான். செமாராங்கில் நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தம்பியின் கால் முதன்முதலாக மண்ணில் படும் சடங்கு முடிந்ததும் நீங்கள் ஏன் முகம் வாடிப் பஸ் ஏறினீர்கள் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை (பொரித்த சோயாத் தெம்பே மட்டும் இறங்கியது). எனவே நடந்ததை முறையாக விளக்க விரும்புகிறேன்.

சடங்கன்று விருந்தினர் எல்லோரும் பாயில் உட்கார்ந்து தம்பியை மடிக்கு மடி மாற்றுவார்கள் என்று அம்மா சொன்னதுமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது, ஏனென்றால் 'நன்னடத்தை உள்ளவன்' என்பது அவன் பெயருக்குப் பொருளே தவிர அவனுக்கு அல்ல, யார் தூக்கினாலும் நனைத்துவிடுவான், அதுவும் நீங்கள் அந்த மயில்நீலக் கெபாயா உடையில் வரப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உடனே நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு நாப்பிக்கு மேலே போடும் நீர் புகாத உறை வாங்கச் சந்தைக்குப் போனேன். கடைக்கார அம்மா முதலில் எடுத்துப் போட்டது பிளாஸ்டிக் ஜட்டி; அதை என் கையில் மாட்டிப் பார்த்தேன், நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் ஆவியில் வெந்த கடலை மாதிரி ஆகிவிட்டன. அடுத்தது கம்பளி உறை, குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கு நல்லதாம், தம்பிக்கு வேர்க்குருவுக்கு மேல் வேர்க்குரு வரும். கடைசியில் வெளியே துணியும் உள்ளே மெல்லிய பூச்சும் உள்ள, பிரஸ் பட்டன் வைத்த உறைகளில் இரண்டு எடுத்தேன். தொடையில் எலாஸ்டிக் தடம் பதியவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது என்பதால் கடையில் இருந்த பூசணிக்காய்க்குக்கூட மாட்டிப் பார்த்தேன். கடைக்கார அம்மா, "எத்தன மாசம் இந்தப் பூசணிக்கு?" என்று கேட்டார்.

வாங்குவதைவிடப் பராமரிப்பதுதான் பெரும்பாடு, சித்தி. வெந்நீர் ஆகாது, வெளுக்கும் பொடி ஆகாது, நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிச் சமையலறையில் ஒட்டினேன். ஆனால் குழந்தைத் துணிக்கு இஸ்திரி போடாவிட்டால் அம்மாவுக்குப் பொழுதே விடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஓர் உறைமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார், பூச்சு உருகியது, உறைமேல் அச்சிட்டிருந்த தவளைப் படம் பெட்டியில் ஒட்டிக்கொண்டது, பிறகு அது அப்பாவின் சட்டைப் பைமேல் ஏறி அவரோடு அலுவலகம் போனது. மேலதிகாரி தவளையைப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லையாம், அதுதான் அப்பாவுக்குப் பயமாக இருந்ததாம்.

மிச்சமிருந்த உறையைத்தான் சடங்கன்று மாட்டினேன். தம்பி ஏழு நிறச் சோற்றை மிதித்து, கரும்பு ஏணி ஏறி, கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்து, அங்கே பரப்பி வைத்த பொருள்களில் சீப்பை எடுத்துக் கடித்து முடித்ததும் நீங்கள் அவனை வாங்கிக்கொண்டீர்கள். சாப்பாட்டு நேரம் வரை விடவே இல்லை. இளநீர் ஊட்டினீர்கள், காதருகே நீர் ஊற்றுவது போல உஸ்ஸென்று சத்தம் கொடுத்தீர்கள். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவன் காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகலையா?" என்று கேட்டீர்கள். இதற்காகவே காத்திருந்த நான், "உங்க மடியிலயே ரெண்டு தடவ போயிட்டான் சித்தி, ஒரு சொட்டு வெளிய வரல," என்றேன். உங்கள் கண் கலங்கியது. அறிவியலின் மேன்மை உங்களை உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே போட்டார். "அடிப்பாவி, அவ எதுக்கு வந்தான்னு நெனச்ச? சடங்குப் புள்ள மடிய நனைச்சா அந்த மடியில ஒரு புள்ள தங்கும்டி. அஞ்சு வருசமா ஏங்குறவ, நீ ரப்பர் போட்டு அடைச்சு வச்சிருக்கியே."

சித்தி, இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். உறையும் இல்லாமல் நாப்பியும் இல்லாமல் அவனை நாள் முழுவதும் உங்கள் மடியிலேயே வைக்கிறேன். தண்ணீர் கொடுப்பது என் பொறுப்பு. கெபாயா துவைப்பதும் என் பொறுப்பு.

பெரியவர்கள் பாதம் தொட்டு வணங்கி, தம்பியின் முத்தத்தையும் சேர்த்து அனுப்பும்,
லிந்தாங்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் அப்பா வந்தார். அன்று நீங்கள் சாப்பிடப் போனபோது தம்பியின் நாப்பியை மாற்றியவர் அவர்தானாம். துணியின் ஓரம் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அவனைச் சித்தப்பா மடியில் வைத்தாராம். சித்தப்பா பேன்ட் முழுக்க நனைந்து, அப்பாவின் சாரோங்கைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாராம். அவர் அதிலேயே ஊர் திரும்பியது சடங்குக்குச் செய்த மரியாதை என்றல்லவா நாம் எல்லோரும் மெச்சினோம்! அம்மாவிடம் கேட்டேன், ஆண்கள் மடி கணக்கில் வருமா என்று. அம்மா நெடுநேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லு, அந்தப் பேன்ட்ட துவைக்க வேணாம்னு."